ரெக்கார்டருக்குப் பாடை கட்டுகிறவர்களுக்கு

“ரெக்கார்டிங் வசதியா? அதெல்லாம் பழைய கதை சார். எல்லாமே யூடியூப்ல வந்துடுது. சும்மா ஒரு ஹெச்.டி. பாக்ஸ் போட்டுக்குங்க. எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்.” டிஷ் மாட்ட வேண்டும் என்று கடைப் படியேறும் எவருக்கும் இந்த உபதேசம் இலவசமாகக் கிடைக்கிறது. கடைக்காரர் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை சொல்கிறான், அலுவலகத்து நண்பர் சொல்கிறார், நாலும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மறுத்துப் பேசினால் கேசட் காலத்து ஆசாமி என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இந்தக் கருத்து தவறு. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் அதன் தவறு இன்னும் பளிச்சென்று தெரியும்.

முதலில் அவர்கள் தரப்பை, அவர்களே தலையாட்டும்படி சொல்லிவிடுகிறேன். டிடிஹெச் சந்தாதாரர் எண்ணிக்கை நாடு முழுவதும் இறங்குமுகம். 2020 வாக்கில் சுமார் 7 கோடியாக இருந்தது, 2025இல் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று சேனலுக்கொரு செயலி இருக்கிறது. நினைத்த நேரத்தில் பார்க்கலாம், நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். ரெக்கார்டர் செய்த வேலையும் இதுதானே? அதைச் செய்ய ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம், மழைக்கும் பயப்பட வேண்டாம். போதாததற்கு, டிஷ் கம்பெனிப் பெட்டியில் எடுக்கும் பதிவு பூட்டுப் போட்டது. பெட்டி மாறினால் பதிவு போச்சு. ஆகவே ரெக்கார்டிங் பார்த்துப் பெட்டி தேர்ந்தெடுப்பது காசுக்குக் கேடு.

இதில் சொல்லப்படும் செய்திகள் பலவும் உண்மை. முடிவுதான் பொய்.

அடி அண்ணாமலை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. ஆதி அண்ணாமலையார் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் உள்ள இந்த ஊர் மலைக்கு மேற்கே, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. அந்த இரவில் இங்கே உள்ளவர்களுக்கு ஓய்வு கிடையாது. டீக்கடை, இளநீர், பூ, ஆட்டோ, அன்னதானப் பந்தி என்று ஆளுக்கொரு வேலை. டிவிக்காரர்கள் தங்கள் சிறந்த சரக்கையெல்லாம் மாலை ஆறிலிருந்து பத்துக்குள் கொட்டுகிறார்கள். இந்த ஊர்க்காரருக்கு அதுதான் வியாபார நேரம். ஒளிபரப்பாகிற நேரத்தில் வீட்டில் உட்கார வாய்க்காதவர்களுக்காகத்தான் ரெக்கார்டர் என்ற பொருளே உண்டாயிற்று. அவர்களிடமே அது தேவையில்லை என்று சொல்வது வேடிக்கை.

இனி வாதம் வாதமாகப் போவோம்.

1. ‘எல்லாம் இணையத்தில் இருக்கிறது’

எந்த எல்லாம்? கார்த்திகை தீபத்தையே எடுத்துக்கொள்வோம். அதிகாலை நான்கு மணிக்குப் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் மகா தீபம். அதற்குச் சற்று முன்னால் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடம் காட்சி தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்தச் சில நிமிடம். மலை உச்சி தீபத்தை அடி அண்ணாமலைக்காரர் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்க அனுமதிச் சீட்டோடு கோயிலுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் நேரடி ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கடையில் நிற்கும் பெண்மணிக்கு இரண்டும் இல்லை. வீட்டில் ஒரு பெட்டி தானாகப் பதிந்து வைத்திருந்தால் மறுநாள் காலையில் முழுசாகப் பார்ப்பார்.

‘அதுதான் யூடியூப்பில் கிடக்கிறதே’ என்பார்கள். கிடக்கிறது. எந்த வடிவில்? முழு ஒளிபரப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது பதிவேற்றியவர் இஷ்டம். பெரும்பாலும் கிடைப்பது மூன்று நிமிடத் துண்டு, மேலே யாரோ ஒருவரின் பின்னணி இசை, கீழே ஓடும் எழுத்து, நடுவில் விளம்பரம். இன்று இருப்பது நாளை நீக்கப்படலாம், காப்புரிமை என்று எவரேனும் புகார் கொடுத்தாலே போதும். அடுத்தவர் அலமாரியில் இருக்கும் பொருளை என்னுடையது என்று நம்பச் சொல்வதுதான் இந்த ‘எல்லாம்’.

செயலிகளின் கதை இன்னும் சுவையானது. 2023இல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோ சினிமா காசில்லாமல் காட்டியது. ஊரே கைபேசிக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோ ஹாட்ஸ்டார் ஆயின. அந்த ஆண்டே ஆட்டம் சந்தாவுக்குள் போயிற்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் இலவசம் என்று நம்பி இருந்ததைத் தூக்கி எறிந்தவர்கள் கையில் என்ன மிஞ்சியது? ஒரு செயலியில் இருந்த படம் ஒப்பந்தம் முடிந்ததும் காணாமல் போகிறது. இன்னொரு செயலிக்குப் போய் இன்னொரு சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. சீரியலுக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, பழைய படத்துக்கு ஒன்று. இதைத்தான் சிக்கனம் என்கிறார்கள்.

இப்போது டேட்டா கணக்கு. நல்ல ஹெச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி குடிக்கும். பெரும்பாலான குடும்பங்கள் போட்டிருக்கும் கைபேசித் திட்டம் நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி. ஒரு மணி நேரம் பெரிய திரையில் பார்த்தால் அன்றைய டேட்டா தீர்ந்தது. அதற்குமேல் வட்டம் சுற்றும். இல்லையென்றால் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். 43 அங்குல டிவி வாங்கி அதில் மங்கலான படம் பார்ப்பதற்கு எதற்கு அந்த டிவி?

பௌர்ணமி அன்று அந்த மங்கல் படமும் கிடையாது. கைபேசிக் கோபுரம் என்பது பங்கு போட்டுக்கொள்ளும் சங்கதி. ஊர் ஜனத்துக்கென்று வைத்த கோபுரத்தில் பல லட்சம் பேரின் கைபேசிகள் ஒரே இரவில் வந்து விழுகின்றன. தீபத்தன்று கிரிவலப் பாதையில் வீடியோ அழைப்பு போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு டிஷ் பார்த்தாலும் ஒரு கோடி டிஷ் பார்த்தாலும் மேலிருந்து வரும் சமிக்ஞை அதேதான். ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. கூட்டத்தால் கெடாத தொழில்நுட்பத்தை, தமிழ்நாட்டிலேயே பெருங்கூட்டம் கூடும் ஊர்களில் ஒன்றில் ‘காலாவதி’ என்கிறோம்.

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடங்களை அட்டவணை போட்டு ஒளிபரப்பியது. பாடங்கள் யூடியூப்பிலும் இருந்தன. கூலிக்குப் போன அப்பாவோடு வீட்டின் ஒரே கைபேசியும் போய்விட்ட பிள்ளைக்கு அந்த யூடியூப் எதற்கு உதவியது? குறித்த நேரத்தைத் தவறவிட்டால் பாடம் போயிற்று. டிவியோடு ஒரு பதிவு வசதி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று பயன்பட்டிருக்கும். ‘யாருக்கு இப்போது ரெக்கார்டர் வேண்டும்’ என்று கேட்கிறவர்கள் அந்த யாரில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதே இல்லை.

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து, மூன்று செயலிக்குச் சந்தா கட்டி, மாலை ஆறு மணிக்கு வீட்டிலும் இருப்பவருக்கு ரெக்கார்டர் வேண்டாம். அவருக்கு நான் எதிரியல்ல. அவருடைய வீட்டை அளவாக வைத்து ஊருக்கே சட்டம் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2. ‘அந்த ஊரில் மலை மறைக்கும், மழை கெடுக்கும்’

மலை மறைக்காது. இது நம்பிக்கை சார்ந்த விஷயமல்ல, கணக்கு. திருவண்ணாமலை ஏறத்தாழ 79 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. டாடா பிளேயின் செயற்கைக்கோள்கள் 83 டிகிரியில். சன் டைரக்டும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் பயன்படுத்தும் ஜிசாட்-15, 93.5 டிகிரியில். ஏர்டெல்லின் எஸ்.இ.எஸ்.-7, 108.2 டிகிரியில். நம் ஊரிலிருந்து பார்த்தால் முதலாவது தெற்கே சற்றுக் கிழக்கு சாய்ந்து, தரையிலிருந்து சுமார் 75 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. இரண்டாவது தென்கிழக்கே சுமார் 68 டிகிரி. மிகவும் கிழக்கே தாழ்ந்திருக்கும் ஏர்டெல் கோள்கூட 50 டிகிரிக்கு மேலேதான். அண்ணாமலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி. ஊர்த் தரைமட்டத்தைக் கழித்துவிட்டு, இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்திலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் உச்சி 20 டிகிரியைத் தொடாது. கோள் நிற்பது அதைப்போல இரண்டரை மடங்கு உயரத்தில். மலை எங்கே வந்து மறைக்கிறது?

பிறகு ஏன் எல்லோரும் மலையைக் குறை சொல்கிறார்கள்? காரணம் டிஷ்ஷின் தோற்றம். வீடுகளில் மாட்டும் சிறிய டிஷ், சமிக்ஞையைப் பிடிக்கும் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி வைத்த வகை. அது பார்க்கும் திசை அதன் முகம் காட்டும் திசையைவிட ஏறத்தாழ 25 டிகிரி மேலே. கண்ணுக்கு டிஷ் மலையை முறைப்பதுபோல் தெரியும். உண்மையில் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிக்னல் போனால் மலையை விட்டுவிட்டு, பத்து வருஷத்தில் ஓங்கி வளர்ந்த பக்கத்து வீட்டுத் தென்னையைப் பாருங்கள். மாடியில் துருப்பிடித்த கேபிள் முனையைப் பாருங்கள். குரங்கு ஆட்டிவிட்ட டிஷ் கம்பத்தைப் பாருங்கள். கிரிவலப் பாதையில் கடைசிக் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

மழை விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசை பெருமழையில் தளரும். கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் தீபத்தன்றே அது நடக்கலாம். ஆனால் டிஷ்ஷை முடக்கும் அளவுக்குக் கொட்டுகிற மழை பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். சீரியலும் படமும் மறு ஒளிபரப்பாகும் சரக்குகள். இரவு கெட்டதை மறுநாள் மதியம் யாரும் இல்லாத வீட்டில் தானாகப் பதிந்துகொள்ளக்கூடிய ஒரே கருவி ரெக்கார்டர். அதாவது மழை என்பது ரெக்கார்டருக்கு ஆதரவான வாதம். ஃபெங்கல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று இந்த மலையில் மண்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர் போனதே, அப்படிப்பட்ட நாளில் டிவி பெட்டி யாருக்கும் பொருட்டில்லை. அதை இந்த விவாதத்தில் இழுப்பவர்களுக்கு என்னிடம் பதிலும் இல்லை.

3. ‘ஹெச்.டி. என்று போட்டிருந்தால் எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்’

இந்த ஒரு வாக்கியத்தால் ஏமாந்தவர்கள்தான் மிக அதிகம். ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

பெட்டி ஹெச்.டி. என்பதும் படம் ஹெச்.டி. என்பதும் வேறு வேறு. சாதாரணச் சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள், அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். ஹெச்.டி. படம் 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்கு. ஹெச்.டி. பெட்டியில் சாதாரணச் சேனலைப் போட்டால் அந்த நாலு லட்சம் புள்ளியை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஹெச்.டி. சேனலுக்குத் தனியாகச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய வயரில் டிவியோடு இணைத்தால் கட்டிய பணம் வயரிலேயே நின்றுவிடும். ஹெச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். ஹெச்.டி. பெட்டி வாங்கி, சாதாரணச் சேனலை, பழைய வயரில் பார்த்துக்கொண்டு ‘பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே’ என்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. எப்படித் தெரியும்?

பதிவு என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. இந்தியாவில் 2008இல் டாடா ஸ்கை பிளஸ் வந்த காலத்தில் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இன்று கடையில் எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் பின்னால் யூஎஸ்பி துளை மட்டும் உள்ள பெட்டிகள், டிஸ்க்கை நாம் வாங்கிச் செருக வேண்டும். துளை இருப்பதாலேயே பதிவு நடக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது போட்டோ காட்டவோ மென்பொருள் புதுப்பிக்கவோ வைத்ததாகவும் இருக்கலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

அடுத்த கேள்வி, சேனலைப் பிடித்துத் தரும் ட்யூனர் எத்தனை என்பது. பெட்டிக்குள் ஒரே ட்யூனர் என்றால், ஒரு சேனலைப் பதியும்போது பொதுவாக அதையே பார்க்கவும் வேண்டும். அப்பா செய்தியைப் பதிய வைத்துவிட்டுப் போனால் வீட்டில் மற்றவர்கள் இரண்டு மணி நேரம் அந்தச் செய்தியைத்தான் பார்ப்பார்கள். மறுநாள் வீட்டில் ரெக்கார்டர் இருக்காது. இரண்டு ட்யூனர் உள்ள பெட்டி ஒன்றைப் பதிந்துகொண்டே வேறொன்றைக் காட்டும். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொன்ன கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிடுவார்கள்.

டிஸ்க் பற்றியும் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஹெச்.டி. சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.6 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவில் ஒன்பது மணி நேரம்கூட நிற்காது. 500 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 140 மணி நேரம் நிற்கும். பென் டிரைவ் மலிவு என்று இதற்கு வாங்காதீர்கள். நேரடி ஒளிபரப்பை நிறுத்தி ஓட்டும் வசதிக்காகப் பெட்டி ஓயாமல் எழுதி எழுதி அழிக்கும். அந்த வேலையைத் தாங்கப் பிறந்ததல்ல அது. சிறிய ஹார்ட் டிஸ்க் நல்லது. ஆனால் அதற்கும் ஒரு விக்கினம் உண்டு. பழைய வகை யூஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் கேட்கும். விளக்கு எரியும், டிக் டிக் என்று சத்தம் வரும், பதிவு ஆகாது. ‘டிஸ்க் கெட்டுப்போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கெட்டது டிஸ்க் அல்ல, மின்சாரம் போதவில்லை. தனி மின் இணைப்புள்ள டிஸ்க் அல்லது இரட்டை யூஎஸ்பி வயர் இருந்தால் தீர்ந்தது.

ஓர் எச்சரிக்கை. பதிவுக்குத் தயார் செய்யும்போது பெரும்பாலான பெட்டிகள் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துத் தங்கள் முறையில் எழுதிக்கொள்ளும். மகள் கல்யாண போட்டோ இருக்கும் டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

அடுத்த கேள்வி மின்வெட்டு பற்றியது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிற்கும் மின்சாரம் மாலையில் வருகிறது. வந்ததும் பெட்டி தானாக எழுந்து, குறித்து வைத்த பதிவை நினைவில் வைத்துத் தொடங்குகிறதா, அல்லது ரிமோட்டில் யாராவது தட்டி எழுப்பும்வரை தூங்குகிறதா? இதில் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு உண்டு. நேரடி நிகழ்ச்சி குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டால் பதிவைப் பத்து நிமிடம் கூட்டி வைக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் கிரிக்கெட்டின் கடைசி ஓவரும் படத்தின் கடைசிச் சண்டையும் உங்களுக்குக் கிடையாது. சீரியலை ஒருமுறை குறித்தால் தினமும் பதியுமா, தினமும் குறிக்க வேண்டுமா? ரீசார்ஜ் தீர்ந்துபோன நாளில் ஏற்கெனவே பதிந்து வைத்தது ஓடுமா? பதிவு வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா?

இத்தனை கேள்விக்கும் ஒரே பதில் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தினால், எல்லாம் ஒன்றுதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

4. ‘பதிவு செய்வதே திருட்டு’

சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் ஒலிபரப்பையோ ஒளிபரப்பையோ பதிந்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்று சொல்கிறது. அமெரிக்காவிலும் 1984இல், சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர் மீது ஹாலிவுட் தொடுத்த வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான உபயோகம் என்றே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பதிந்ததை ஊருக்கு விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு கதை. வேடிக்கை என்னவென்றால், ‘பதிவது திருட்டு’ என்று பதறுகிறவர்களில் பலர் புதுப்படத்தை டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பவர்கள்.

5. ‘செலவு அதிகம்’

டிஸ்க்குக்குச் சில ஆயிரம், ஒருமுறை. செயலிச் சந்தா வருஷா வருஷம், கூடவே டேட்டா. மூன்று வருஷக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர் இந்த வாதத்தை மறுபடி எடுப்பதில்லை.

6. ‘பூட்டுப் போட்ட பதிவு உன்னுடையதே அல்ல’

எதிர்த் தரப்பின் ஒரே வலுவான வாதம் இதுதான். ஆகவேதான் கடைசிக்கு வைத்தேன். கட்டணச் சேனலைப் பதிந்தால் அந்தப் பதிவு பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் செருகினால் ஒன்றும் தெரியாது. இடி விழுந்து பெட்டி போய், கம்பெனி புதுப் பெட்டி தந்தால், பழைய பதிவு அதோடு போகும். கம்பெனி மாறினாலும் அப்படியே. இதை நான் மறுக்கவில்லை. நாற்பது வருஷம் வைத்துக்கொள்ள நினைப்பதை இதில் பதிந்து வைத்து நம்பாதீர்கள் என்றும் சொல்வேன்.

ஆனால் இதிலிருந்து ‘ஆகவே ரெக்கார்டர் வேண்டாம், செயலிக்குப் போ’ என்று தாவுவது எந்த ஊர் நியாயம்? செயலியில் இறக்கி வைத்த படத்துக்கு இதைவிடப் பெரிய பூட்டு. சந்தா தீர்ந்தால் அது ஓடாது, சில நாள் கழித்துத் தானே அழிந்தும் போகும். சின்னப் பூட்டைக் காட்டிப் பயமுறுத்திப் பெரிய பூட்டுக்குள் தள்ளுகிறார்கள். தவிர, பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியது நாற்பது வருஷச் சேமிப்பு அல்ல. செவ்வாய்க்கிழமை தவறவிட்டதை வியாழக்கிழமை பார்க்க வேண்டும். அதற்குப் பெட்டியோடு கட்டிய பதிவு தாராளமாகப் போதும்.

பூட்டில்லாத வழியும் இருக்கிறது. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி இன்று ஃப்ரீ டிஷ் என்று நடத்துவதற்கு மாதக் கட்டணம் கிடையாது. வெளிச்சந்தையில் கிடைக்கும் திறந்த பெட்டிகளில் பதிந்தால், பல மாடல்களில் அந்தக் கோப்பு கணினியிலும் ஓடும். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் போய் டிடி தமிழ் ஆன சேனல் அதில் வரும். குறையும் சொல்லிவிடுகிறேன்: சேனல்கள் பெரும்பாலும் ஹெச்.டி. அல்ல, தமிழ்த் தனியார் சேனல் கொத்தாக எதிர்பார்க்க முடியாது. தீப ஒளிபரப்பைக் காலமெல்லாம் வைத்துக்கொள்ள நினைக்கும் வீட்டுக்கு இரண்டாவது பெட்டியாக இது போதும்.

இந்தப் பூட்டை உடைக்க வேண்டியது யார்? 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் கைபேசிக் கம்பெனி மாறுகிறோம். டிஷ் கம்பெனி மாறினால் பெட்டி குப்பை. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே பரிந்துரைத்தது. ஆண்டுகள் ஓடியும் அது நம் வீட்டு டிவிக்கு வந்து சேரவில்லை. கேட்பவர்கள் இருந்தால்தானே வரும்? ‘ரெக்கார்டர் எல்லாம் முடிஞ்சு போச்சு’ என்று பார்வையாளரே சொல்லிக்கொண்டு திரிந்தால் கம்பெனிக்கு அதைவிட வசதி வேறில்லை. ட்யூனரைக் குறைக்கலாம், பதிவு வசதியை எடுத்துவிடலாம், பூட்டை இறுக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தக் கருத்தின் உண்மையான விளைவு இதுதான். கேட்பாரற்ற வசதியை அவர்கள் நிறுத்துகிறார்கள். நிறுத்தியதைக் காட்டி, பார்த்தீர்களா செத்துவிட்டது என்று இவர்கள் சொல்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிஸ்க்கை, உள்ளே ஒன்றும் இல்லாததாகப் பார்த்து, கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பெட்டியில் செருகச் சொல்லுங்கள். ஒரு ஹெச்.டி. சேனலைப் பதியவிட்டு வேறு சேனலை வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பதிவை ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி குறித்துவிட்டு, சுவரில் சுவிட்சை அணைத்துப் போடச் சொல்லுங்கள். பெட்டி தானாக எழுந்து பதிகிறதா என்று நின்று பாருங்கள். கால் மணி நேர வேலை. செய்து காட்டுகிற கடையில் வாங்குங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார், யூடியூப்ல வரும்’ என்று சொல்லும் கடையில் ஒரு வயர்கூட வாங்காதீர்கள்.